டிரான்சிஷனல் இயர்: ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை

தமிழ்நாட்டில் எம்.பி.பி.எஸ். படித்த யாருக்கும் ஹவுஸ் சர்ஜன் வருடத்தை விளக்கத் தேவையில்லை. மெடிசின், சர்ஜரி, ஓ.ஜி., பீடியாட்ரிக்ஸ், கேஷுவாலிட்டி என்று ஒவ்வொரு போஸ்டிங்காகச் சுற்றிவந்து, கையெழுத்தெல்லாம் வாங்கினால் சி.ஆர்.ஆர்.ஐ. என்ற அந்தக் கட்டாயப் பயிற்சி முடிந்தது. அமெரிக்காவில் டிரான்சிஷனல் இயர் என்பதும் கிட்டத்தட்ட அதே வடிவம்தான்: 12 மாதம், பல துறைகள், ஒரே இன்டர்ன். ஆனால் அங்கே அது ரெசிடென்சியின், அதாவது சிறப்புத் துறைப் பயிற்சியின், முதல் வருடமாக, பிஜிஒய்-1 ஆகக் கணக்கில் வருகிறது. நாம் ஊரில் செய்த சி.ஆர்.ஆர்.ஐ.க்காக அதில் ஒரு நாள்கூடக் கழித்துத் தரமாட்டார்கள்.

ரேடியாலஜி, டெர்மட்டாலஜி, அனஸ்தீசியா, பி.எம்.ஆர். (மறுவாழ்வு மருத்துவம்), ரேடியேஷன் ஆன்காலஜி ஆகிய துறைகளில் பல இடங்கள் இரண்டாம் வருடத்திலிருந்தே தொடங்கும். அதற்கு முன்னால் ஒரு வருடம் பொதுவான மருத்துவப் பயிற்சி வேண்டும். அந்த வருடத்தை மெடிசின் பிரிலிமினரி, சர்ஜரி பிரிலிமினரி, டிரான்சிஷனல் இயர் (டி.ஒய்.) என்ற மூன்றில் ஒன்றாகச் செய்யலாம். (கண் மருத்துவத்தில் இப்போது முதல் வருடமும் பெரும்பாலும் அதே இடத்தோடு சேர்ந்தே வருகிறது.) மூன்றில் டி.ஒய்.தான் லேசானது, நாமே தேர்ந்தெடுக்கும் எலெக்டிவ் நிறைய, நைட் டியூட்டி குறைவு என்று எல்லோரும் சொல்வார்கள். அதை நம்பி இதை ஓய்வு வருடமாக நினைத்து வருபவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். நான் இப்போது ரேடியாலஜி படிக்கிறேன். ஒரு நோயாளியைத் தலை முதல் கால்வரை என் பொறுப்பில் வைத்துப் பார்த்தது அந்த ஒரு வருடம்தான். இனி அந்த வாய்ப்பு எனக்கு வரப்போவதில்லை. இன்று வயிற்று சி.டி.யைத் திறக்கும்போது, அந்த வயிற்றுக்காரர் வார்டில் எப்படிப் படுத்திருப்பார் என்பது என் கண்முன் வருகிறது என்றால், அது அந்த 12 மாதம் கொடுத்தது.

இடம் பிடிப்பது

முதலில் ஒரு எச்சரிக்கை. டி.ஒய். மட்டும் முடித்தால் எந்தத் துறையிலும் சிறப்பு மருத்துவருக்கான போர்டு தேர்வு எழுத முடியாது. அது ஒரு வருட ஒப்பந்தம், அவ்வளவுதான். பிஜிஒய்-2 இடம் கையில் இல்லாமல் அதில் சேர்ந்தால், ஜூலையில் வேலை தொடங்கி செப்டம்பரில் மறுபடியும் விண்ணப்பம் போட்டுக்கொண்டு, வார்டு வேலைக்கு நடுவே நேர்காணலுக்கும் ஓட வேண்டியிருக்கும். செய்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் தெரிந்தே இறங்குங்கள்.

விண்ணப்பதாரரும் மருத்துவமனையும் தரும் விருப்ப வரிசைகளைக் கணினியில் பொருத்தி இடம் ஒதுக்கும் முறைதான் மேட்ச். அதில் புதியவர்கள் தடுமாறும் இடம் துணைப் பட்டியல். இரண்டாம் வருடத்தில் தொடங்கும் இடங்களை ‘அட்வான்ஸ்டு’ என்பார்கள். அவற்றை உங்கள் முதன்மைப் பட்டியலில் வரிசைப்படுத்துவீர்கள். ஒவ்வொரு அட்வான்ஸ்டு இடத்தோடும் முதல் வருடத்துக்கான ஒரு துணைப் பட்டியலை இணைக்கலாம். அந்த அட்வான்ஸ்டு இடம் கிடைத்தால் மட்டுமே அதன் துணைப் பட்டியல் செயல்படும். எனவே பாஸ்டன் இடத்தோடு பாஸ்டனைச் சுற்றியுள்ள முதல் வருட இடங்களையும், ஹூஸ்டன் இடத்தோடு அங்கே உள்ளவற்றையும் மேலே வைத்தால், ஒரு வருடத்தில் வீடு மாற்றும் அலைச்சல் மிச்சம். துணைப் பட்டியலை நீளமாகப் போடுங்கள். அட்வான்ஸ்டு கிடைத்து முதல் வருடம் கிடைக்காமல் போவதும் நடக்கிறது. அப்படி ஆனால் மார்ச் மாத மேட்ச் வாரத்திலேயே, நிரம்பாத இடங்களுக்கான ‘சோப்’ (SOAP) சுற்றில் காலியிடம் தேட வேண்டும்.

நம்மைப் போல வெளிநாட்டில் படித்தவர்களுக்கு டி.ஒய். கிடைப்பது கடினம். டெர்மட்டாலஜிக்கும் ரேடியாலஜிக்கும் போகிற அமெரிக்க மாணவர்கள் அதைத்தான் முதலில் குறிவைப்பார்கள். அதனால் மெடிசின் பிரிலிமினரி இடங்களையும் பட்டியலில் சேர்த்தே வைக்கவும். இன்னொன்று: உங்கள் பிஜிஒய்-2 துறை முதல் வருடத்தில் எத்தனை மாதம் என்ன பார்த்திருக்க வேண்டும் என்று கேட்கிறது என்பதை மின்னஞ்சலில் எழுத்தாகவே வாங்கிக்கொள்ளுங்கள். நியூராலஜி போன்ற துறைகள் மெடிசின் மாதங்களை அதிகம் எதிர்பார்க்கும். எல்லா டி.ஒய்.யும் அதற்குப் போதாது.

மார்ச் முதல் ஜூன் வரை

மேட்ச் முடிவு வந்த வாரமே காகித வேலையைத் தொடங்கிவிடுங்கள், ஆறப்போட வேண்டாம். பயிற்சிக்கு வருபவர்களுக்கான ஜே-1 விசா என்றால், இந்தத் துறை மருத்துவர் நாட்டுக்குத் தேவை என்று சொல்லும் ஸ்டேட்மெண்ட் ஆஃப் நீட் கடிதத்தை டெல்லியில் மத்திய சுகாதார அமைச்சகத்திடமிருந்து வாங்க வேண்டும். மாநிலத்தின் பயிற்சி லைசென்ஸுக்கும் தனியாக விண்ணப்பம் உண்டு, கல்லூரியிலிருந்து நேரடியாக வர வேண்டிய சான்றிதழ்தான் அதில் எப்போதும் தாமதமாகும். கல்லூரி அலுவலகத்துக்கு நேரில் போய்த் தொடர்ந்து கேட்க ஒருவரை ஊரில் ஏற்பாடு செய்துவிட்டு விமானம் ஏறுங்கள்.

பணி சேரும் முன் டி.பி. பரிசோதனை கேட்பார்கள். நாம் எல்லோரும் பி.சி.ஜி. போட்டுக்கொண்டவர்கள், தோல் பரிசோதனை பாசிட்டிவாக வரக்கூடும். ரத்தத்தில் செய்யும் குவாண்டிஃபெரான் போன்ற பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள், வீண் அலைச்சல் குறையும். அறிமுக வாரம் பெரும்பாலும் ஜூன் நடுவிலேயே வந்துவிடும். முதல் சம்பளம் ஜூலையில் எப்போது வரும் என்று கேட்டுவைத்து, அதுவரைக்கும் வாடகை முன்பணத்துக்கும் சாப்பாட்டுக்கும் கையில் பணம் வைத்துக்கொள்ளவும். வீட்டு ஒப்பந்தம் ஜூனில் முடியும்படி போடுங்கள்.

வருடம் பிரியும் விதம்

பல இடங்களில் வருடத்தை நான்கு வாரப் பகுதிகளாக, மொத்தம் 13 ஆகப் பிரிப்பார்கள். மெடிசின் வார்டு மூன்று நான்கு, ஐ.சி.யு. ஒன்று, எமர்ஜென்சி ஒன்று, சர்ஜரி ஒன்று, வெளிநோயாளர் பிரிவு ஒன்று, நைட் ஃப்ளோட் (இரவுப் பணி மட்டும்) சில வாரம், மீதி எலெக்டிவ். மருத்துவமனைக்கு மருத்துவமனை இது மாறும்.

எலெக்டிவ் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. சொந்தத் துறையிலேயே அவற்றைச் செலவழிக்காதீர்கள். ரேடியாலஜிக்குப் போகிறவர் அடுத்த நான்கு வருடம் இருட்டறையில் உட்காரத்தான் போகிறார். டி.ஒய்.யில் நுரையீரல், ஆர்த்தோ, சர்ஜரி ஐ.சி.யு. எடுங்கள். ஒரு நோயாளியை எமர்ஜென்சியில் பார்த்து, அவருடைய ஸ்கேனைப் பார்த்து, பிறகு ஆபரேஷன் தியேட்டரில் அதே குடலைக் கண்ணால் பாருங்கள். டெர்மட்டாலஜிக்குப் போகிறவருக்கு ருமட்டாலஜியும் தொற்றுநோய்ப் பிரிவும் தங்கம். அனஸ்தீசியாவுக்கு கார்டியாலஜி, நெஃப்ராலஜி. பி.எம்.ஆர். என்றால் நியூராலஜி. ஒரு எலெக்டிவை மட்டும் உங்களுக்காக, கொஞ்சம் லேசானதாக வைத்துக்கொள்ளுங்கள். அது ஸ்டெப் 3-க்கு.

ஸ்டெப் 3 என்பது அமெரிக்க மருத்துவ லைசென்ஸ் தேர்வின் கடைசிக் கட்டம், இரண்டு நாள் தேர்வு. இரண்டாம் நாளில் கணினியில் 13 நோயாளிகளுக்குச் சிகிச்சை அளிப்பது போன்ற பகுதி வரும், அதற்கு மட்டும் தனியாகப் பழக வேண்டும். எச்-1பி விசாவில் வருபவர்கள் இதை முன்பே முடித்திருக்க வேண்டும். மற்றவர்கள் வார்டு மாதங்கள் முடிந்த கையோடு, படித்தது நினைவில் இருக்கும்போதே எழுதிவிடுவது நல்லது.

வார்டில் ஒரு நாள்

ஊரில் நம் காலை எப்படி இருக்கும்? ரத்தம் எடுப்பது, வென்ஃப்ளான் போடுவது, சாம்பிளை லேபுக்குக் கொண்டுபோவது, ஸ்கேன் தேதி வாங்க வரிசையில் நிற்பது. கையால் செய்யும் வேலையில் நாம் கைதேர்ந்தவர்கள். அமெரிக்க வார்டில் அவற்றில் பெரும்பகுதியை நர்ஸ்களும் டெக்னீஷியன்களும் செய்துவிடுவார்கள். இன்டர்னின் வேலை யோசிப்பது, எழுதுவது, பேசுவது. முதல் வாரம் கை சும்மா இருப்பது போலத் தோன்றும், ஆனால் மண்டை காய்ந்துபோகும்.

காலை ஆறு, ஆறரைக்குள் வந்து இரவு இன்டர்னிடமிருந்து சைன்-அவுட் (நோயாளிகள் பற்றிய ஒப்படைப்பு) வாங்குவீர்கள். பிறகு கணினியில் ஒவ்வொருவருக்கும் இரவில் காய்ச்சல், பி.பி., சிறுநீர் அளவு, காலை ரத்த முடிவுகள். அப்புறம் நேரில் போய்ப் பார்ப்பது. மெடிசின் வார்டில் முதல் வருடத்தவர் ஒரே நேரத்தில் பத்து நோயாளிகளுக்கு மேல் பார்க்கக் கூடாது என்று பயிற்சிக்கு அங்கீகாரம் தரும் ஏசிஜிஎம்இ விதி வைத்திருக்கிறது. தொடக்கத்தில் நான்கைந்து பேரே மூச்சு முட்டும். எட்டு, ஒன்பது மணிக்கு அட்டெண்டிங்கோடு (பொறுப்பு மூத்த மருத்துவர்) ரவுண்ட்ஸ்.

ரவுண்ட்ஸில் நாம் திணறுவது மருத்துவ அறிவில் இல்லை, சொல்லும் விதத்தில். நமக்குக் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லித்தான் பழக்கம். அங்கே, “இவருக்கு இன்று என்ன செய்யப்போகிறேன்” என்பதை நீங்களே முன்வைக்க வேண்டும். தவறாக இருந்தால் திருத்துவார்கள், குற்றமில்லை. திட்டமே சொல்லாமல் நிற்பதைத்தான் குறையாக எழுதுவார்கள். முந்தின நாள் இரவு ஒரு நோயாளியைப் பற்றி வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். மூன்று நிமிடத்தில் முடிய வேண்டும்.

வேறு துறையிடம் கன்சல்ட் (ஆலோசனை) கேட்கும்போது கேள்வியை முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். “இவருக்கு இன்றே டயாலிசிஸ் தேவையா என்று உங்கள் கருத்து வேண்டும்” என்று தொடங்கிவிட்டு, பிறகு வயது, கிரியேட்டினின், பொட்டாசியம். கதையை ஆதியிலிருந்து சொன்னால் மறுமுனையில் இருப்பவர் பொறுமை இழப்பார்.

மருந்துப் பெயர்களில் சிலவற்றை முதல் வாரமே மாற்றிப் பழகவும். நம் பாராசிட்டமால் அங்கே அசிட்டமினோஃபென். அட்ரினலின் எபிநெஃப்ரின். சால்பியூட்டமால் அல்பூட்டரால். லிக்னோகெய்ன் லிடோகெய்ன். ரிஃபாம்பிசின் ரிஃபாம்பின். கோட் ஓடும்போது, அதாவது இதயம் நின்றவரை உயிர்ப்பிக்க முயலும்போது, “அட்ரினலின்” என்று வாய் தவறினாலும் பெரும்பாலும் புரிந்துகொள்வார்கள், ஆனால் அந்த நொடியில் யாரையும் யோசிக்க வைக்கக் கூடாது.

சைன்-அவுட்: ஒரு வரி

இந்தப் பகுதியை மட்டும் இரண்டு தடவை படியுங்கள்.

மாலையில் உங்கள் நோயாளிகளை இரவு இன்டர்னிடம் ஒப்படைப்பதுதான் சைன்-அவுட். பல மருத்துவமனைகளில் ஐ-பாஸ் என்ற முறையில் சொல்லித் தருவார்கள்: நோயின் தீவிரம், சுருக்கம், செய்ய வேண்டியவை, என்ன நடந்தால் என்ன செய்வது, கடைசியில் கேட்டவர் தன் வாயால் திருப்பிச் சொல்வது. 2014-ல் வெளியான ஆய்வில், ஒன்பது குழந்தைகள் மருத்துவப் பயிற்சித் திட்டங்களில் இந்த முறை வந்த பிறகு மருத்துவப் பிழைகள் 23 சதவீதம் குறைந்தன.

என் முதல் வார்டு மாதத்தில் இதய பலவீனம் உள்ள ஒரு முதியவர் இருந்தார். அவருடைய மேல் பி.பி. எப்போதும் 90-ஐ ஒட்டித்தான் இருக்கும், அதிலேயே எழுந்து நடப்பார், பேப்பர் படிப்பார். எனக்கு அது தெரியும். அதனாலேயே எழுதத் தோன்றவில்லை. இரவில் 86 வந்தது. அவரை அதற்குமுன் பார்த்திராத இரவு இன்டர்ன், பட்டியலில் இருந்த “நிமோனியா” என்ற சொல்லைப் பார்த்து, தொற்று முற்றிவிட்டது என்று நினைத்து ஒரு லிட்டர் சலைன் ஏற்றினார். காலையில் நான் வந்தபோது முதியவர் கட்டிலின் விளிம்பில் இரண்டு கைகளையும் ஊன்றி உட்கார்ந்து மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தார். முகத்தில் மூச்சுக்கு உதவும் பைபாப் மாஸ்க். தேறிவிட்டார். ஆனால் அந்த இரவு அவருக்கு வந்திருக்க வேண்டியதில்லை. “இவருக்கு 85–95 வழக்கம். குறைந்தால் முதலில் நேரில் பாருங்கள், நன்றாக இருந்தால் திரவம் வேண்டாம்.” இந்த ஒரு வரி போதுமாக இருந்தது. அதன்பின் ஒவ்வொரு நோயாளிக்கும் “இப்படி ஆனால் இப்படி” என்ற வரியை எழுதாமல் நான் வீட்டுக்குப் போனதில்லை.

இரவில்

நைட் ஃப்ளோட்டில் நீங்கள் பார்த்தே இராத நாற்பது ஐம்பது பேருக்காக உங்கள் பேஜர் அடிக்கலாம். தூக்க மாத்திரை, மலச்சிக்கல், காய்ச்சல், குறைந்த பி.பி. எல்லாம் ஒரே சத்தத்தில்தான் அடிக்கும். எதற்கு எழுந்து ஓடுவது என்று பிரித்தறிவதே இரவின் பாடம். தொடக்கத்தில் எல்லாவற்றுக்கும் எழுந்து போங்கள். நர்ஸ் “டாக்டர், எனக்கு இவரைப் பார்த்தால் சரியாகப் படவில்லை” என்றால், எல்லா எண்களும் ஒழுங்காக இருந்தாலும் போங்கள்.

ஓர் உதாரணம்: பொட்டாசியம் 6.4 என்று லேபிலிருந்து அழைப்பு. சாம்பிள் சிதைந்திருக்கலாம் என்று மறுபடி அனுப்புவது சரிதான், ஆனால் அதற்காகக் காத்திருக்கக் கூடாது. நோயாளியிடம் போய் ஈ.சி.ஜி. எடுங்கள். டி அலைகள் கூடாரம் போல நிமிர்ந்திருந்தாலோ, கியூ.ஆர்.எஸ். அகன்றிருந்தாலோ உடனே கால்சியம் குளுக்கோனேட். அது பொட்டாசியத்தைக் குறைக்காது, இதயத்தைக் காக்கும். குறைப்பதற்கு இன்சுலினும் அதோடு டெக்ஸ்ட்ரோஸும். அதன்பின் சில மணி நேரம் சர்க்கரையைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். முக்கியமாக, ஈ.சி.ஜி. ஓடிக்கொண்டிருக்கும்போதே சீனியரை அழையுங்கள். இரவில் அழைத்தால் திட்டு விழும் என்ற பயம் நமக்கு ஊரிலிருந்தே கூட வருகிறது. அங்கே மதிப்பீட்டுக் கூட்டத்தில், “சரியான நேரத்தில் உதவி கேட்கிறார்” என்பது பாராட்டு வரி.

பேச்சு

அட்மிஷன் போடும் ஒவ்வொருவரிடமும் கோட் ஸ்டேட்டஸ் கேட்க வேண்டும்: இதயம் நின்றுபோனால் மார்பை அழுத்தி உயிர்ப்பிக்க முயலலாமா, மூச்சுக்குழாய் போடலாமா. ஊரில் இப்படிப்பட்ட விஷயத்தை மகனை வெளியே அழைத்துப் பேசுவோம். அங்கே சுயநினைவோடு இருக்கும் நோயாளியிடமே கேட்க வேண்டும். அவர் அனுமதித்தால்தான் குடும்பத்திடம் நோயைப் பற்றியே பேசலாம். முதல் முறை நாக்கு எழாது. சீனியர் கேட்கும்போது பக்கத்தில் நின்று கேளுங்கள், அவர் எந்த இடத்தில் நிறுத்துகிறார், எவ்வளவு நேரம் பேசாமல் இருக்கிறார் என்று கவனியுங்கள்.

ஆங்கிலம் தெரியாத நோயாளி என்றால் தொலைபேசியில் மொழிபெயர்ப்பாளரை அழையுங்கள், குடும்பத்தாரை அந்த வேலைக்குப் பயன்படுத்தக் கூடாது. இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், எமர்ஜென்சி மாதத்தில் மகனைப் பார்க்க வந்திருந்த மதுரைப் பக்கத்து அம்மா ஒருவரை அழைத்து வந்தார்கள். “நினைவு தப்பி விழுந்துவிட்டார்” என்று மகன் ஆங்கிலத்தில் சொன்னதை வைத்து, இதயத் துடிப்பைக் கண்காணிக்கும் படுக்கை, தலை சி.டி. என்று வேலை ஓடத் தொடங்கியிருந்தது. அந்த அம்மா தமிழில் முனகியது என் காதில் விழுந்தது: “காலையில இருந்து மயக்க மயக்கமா வருதுப்பா, தலையத் திருப்புனா கட்டிலே சுத்துது.” மயக்கம் என்ற சொல்லை நம் ஊரில் நினைவு தப்புவதற்கும் சொல்வோம், கிறுகிறுப்புக்கும் சொல்வோம். மகன் முதலாவதை எடுத்துக்கொண்டார். அம்மா விழவே இல்லை, சுவரைப் பிடித்து உட்கார்ந்திருக்கிறார். அட்டெண்டிங்கிடம் சொன்னேன். மொழிபெயர்ப்பாளரை இணைத்து மறுபடி கேட்டபோது கேள்வியே மாறிப்போனது. பிரச்சினை உள்காதில் இருந்தது. உங்களுக்குத் தமிழ் தெரியும் என்பதற்காக நீங்களே நேராகத் தமிழில் சிகிச்சை பேசிவிட முடியாது, சில மருத்துவமனைகளில் அதற்கு மொழித் தேர்வு உண்டு. முதல் வாரமே கேட்டு அதை எழுதிவிடுங்கள்.

மணிக்கணக்கு

நான்கு வார சராசரியில் வாரம் 80 மணிக்கு மேல் வேலை கூடாது. ஏழு நாளில் ஒரு நாள் முழு ஓய்வு, அதுவும் சராசரியில். தொடர்ந்து 24 மணி நேரம், அதற்கு மேல் ஒப்படைப்புக்கும் கற்றலுக்கும் மட்டும் நான்கு மணி வரை. 1984-ல் நியூயார்க்கில் லிபி சயான் என்ற 18 வயது மாணவி மருத்துவமனையில் சேர்ந்த சில மணி நேரத்தில் இறந்த வழக்குதான் இந்த விவாதத்தைத் தொடங்கியது. நியூயார்க் மாநிலம் 1989-ல் வரம்பு வைத்தது, நாடு முழுக்க 2003-ல் வந்தது. உங்கள் மணிகளை உள்ளது உள்ளபடியே பதியுங்கள். 36 மணி நேரம் நின்று பழகியவர்கள் நாம், 84 மணி ஆனாலும் 78 என்று போட்டுவிடக் கை போகும். அப்படிச் செய்தால் அடுத்து வரும் இன்டர்னுக்கும் அதே அட்டவணைதான். வெளியே கூடுதல் வேலை பார்த்துச் சம்பாதிக்க முதல் வருடத்தில் அனுமதி இல்லை, ஜே-1-ல் எந்த வருடமும் இல்லை.

கடைசி மாதங்கள்

பிப்ரவரியிலிருந்தே அடுத்த இடத்தின் வேலைகள் தொடங்கிவிடும். வேறு மாநிலம் என்றால் புதிய பயிற்சி லைசென்ஸ். ஜே-1 ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டியது, பிஜிஒய்-2 ஒப்பந்தம் கைக்கு வந்ததும் விண்ணப்பியுங்கள். முதல் வருடத்தை முடித்ததற்கான கடிதமும் ரொட்டேஷன் வாரியான கணக்கும் உங்கள் புரோகிராம் டைரக்டரிடமிருந்து அடுத்த இடத்துக்குப் போக வேண்டும். உங்களுக்கும் ஒரு நகல் வாங்கி வையுங்கள், பின்னாளில் ஒவ்வொரு மாநில லைசென்ஸுக்கும் அதைக் கேட்பார்கள்.

டி.ஒய். ஜூன் 30-ல் முடியும். பிஜிஒய்-2 ஜூலை 1-ல் தொடங்கும், அதன் அறிமுக வாரமோ ஜூன் கடைசியிலேயே வரலாம். நடுவில் வீட்டைக் காலிசெய்து ஆயிரம் மைல் போக வேண்டியிருக்கும். எனவே விடுமுறை அட்டவணை போடும்போதே, அதாவது சேர்வதற்கு முன் வரும் முதல் மின்னஞ்சலிலேயே, ஒரு வாரத்தை ஜூன் கடைசிக்குக் கேட்டு வைத்துவிடுங்கள். எல்லா இன்டர்ன்களும் அதே வாரத்தைத்தான் கேட்பார்கள்.